வெட்ட மனம் வராத முந்திரிகை

கனடாவில் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பள்ளித் தோழர் ஒருவர் கடந்த வாரம் தொலைபேசியில் அழைத்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் நட்ட முந்திரிகைக் கொடி பந்தல் முழுவதும் படர்ந்துவிட்டதாம். ஆனால் ஒரு குலைகூட இல்லையாம்.

"எப்ப வெட்டினனீ?" என்று கேட்டேன்.

"பச்சைப் பசேலெண்டு நிக்குது. வெட்ட மனம் வரேல்லையடா" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். கோப்பாயில் எங்கள் வீட்டுக் கிணற்றடியை ஒட்டி ஐயா நான்கு 'இஸ்ரேல் புளூ' கொடிகளை வளர்த்தார். குளிர் நாடுகளில் முந்திரிகை இலையுதிர்த்துப் பனிக்காலம் முழுவதும் உறங்கும். எமது வெப்பத்தில் அதற்கு உறக்கமில்லை. விட்டுவிட்டால் படர்ந்துகொண்டே இருக்கும். இங்கே வெட்டுத்தான் அதற்குப் பருவத்தை உணர்த்துகிறது. முற்றிய தடியின் கண்ணிலிருந்து கிளம்பும் புதுத் தளிரில்தான் பூங்குலை வரும். ஆகவே தளிர் வரவேண்டுமானால் தடியைக் குறைத்தாக வேண்டும்.

ஐயா தைப்பொங்கல் முடிந்த கையோடு ஒரு தடவை வெட்டுவார். ஆனியில் மற்றொரு தடவை. வெட்டியதிலிருந்து பழம் பழுக்க ஏறத்தாழ நான்கு மாதங்கள் செல்லும். பூவும் பழமும் ஐப்பசி, கார்த்திகை மழையில் அகப்படக் கூடாது என்பதே அவருடைய கணக்கு. ஈரத்தில் பூஞ்சண நோய் தொற்றும், பழம் வெடிக்கும். வெட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவார். பென்சில் பருமனில், மண்ணிறமாக முற்றிய தடிகளைத் தெரிந்து, நாலைந்து கண் விட்டு, கடைசிக் கண்ணுக்குச் சற்று மேலே சரிவாக வெட்டுவார். மெலிந்தவற்றை அடியோடு நீக்குவார். எஞ்சிய இலைகளையும் உருவியபின் பந்தல் வெறுங்கம்பியாய் நிற்கும். வெட்டுவாயில் நீர் சொட்டும். அதைக் காண எனக்குப் பொறுக்காது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமமே இடம்பெயர்ந்தபோது நாமும் கொடிகாமத்துக்கு நடந்தோம். அங்கே உறவினர் வீட்டுத் திண்ணையில் தைப்பொங்கல் கழிந்தது. "வெட்டுற நாள் போகுது" என்று ஐயா முணுமுணுத்தார். வீடு இருக்கிறதா என்பதே தெரியாத நிலையில் கொடியைப் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

1996 மே மாதம் திரும்பினோம். கூரையில் பாதி இல்லை. கொடியோ பந்தலைக் கடந்து கிணற்றுத் துலாவரை ஏறியிருந்தது. வளவில் உயிரோடு நின்ற ஒரே பச்சை அதுதான். ஐயா மூன்று நாட்களில் அதை வெட்டி முடித்தார். நான் தடுத்தேன், வாக்குவாதப்பட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. யூரியாவுக்குத் தடை இருந்த காலம். மாட்டெருவும் கிணற்று நீரும் மட்டுமே இட்டார். செப்டெம்பரில் குலைகள் கறுத்தன. முதற் குலையை என் கையில்தான் தந்தார்.

பின்னர் பத்திரிகைப் பணிக்காக நான் கொழும்புக்கு வந்தேன். 1999 முடிவில் ஐயாவின் வலக்கை வழங்காமற் போயிற்று. "பொங்கலோடு ஒருக்கால் வந்து வெட்டிவிட்டுப் போ. கூலிக்கு வாறவைக்குக் கண் தெரியாது" என்று இடக்கையால் எழுதினார். பாதுகாப்பு அனுமதி, கப்பல், தேர்தலுக்குப் பிந்திய வேலை என்று காரணங்களை அடுக்கிப் பதில் எழுதினேன். அவை பொய்யல்ல. ஆனால் நான் விடுமுறை கேட்டுப் பார்க்கவேயில்லை என்பதும் பொய்யல்ல.

அந்த ஆவணியில் ஐயா காலமானார். செத்த வீட்டுக்குப் போனபோது பந்தல் நிறைய இலை. தேடிப் பார்த்தேன், ஒரு குலையும் இல்லை.

தோழரிடம் இவற்றையெல்லாம் சொல்லவில்லை. "பொங்கல் முடிய நான் வாறன். அதுக்கு இரண்டு கிழமைக்கு முன்னம் தண்ணி விடுறதை நிப்பாட்டு. கத்தரியைத் தீட்டி வை" என்று மட்டும் சொன்னேன். இம்முறை விடுமுறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.