மணிக்குப் போட்ட ஊசி

மறுபிறப்பு கிடையாது என்று ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான். சாவு ஒருமுறைதான், பிறகு தீர்ப்பு என்பதற்கு எபிரேயர் 9:27ஐ மனப்பாடம் செய்ய வைப்பேன். அதே நான், செத்துப்போன எங்கள் நாய் மணி குட்டியாகத் திரும்பி வந்துவிட்டதாக நம்பினேன். கோயில் ஆட்கள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மணி உண்ணிக் காய்ச்சலில் செத்தான். கிறிஸ்துமஸ் நெருக்கம், கோயிலில் குடில் கட்டும் பொறுப்பு என்னுடையது. சோற்றை முகர்ந்துவிட்டு விலகிப் போனான், ஈறு வெளுத்திருந்தது. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி. நாட்டு நாய், தானாகத் தேறிவிடும் என்றேன். மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் ஆட்டோ பிடித்தேன். மருத்துவர் என்னைத் திட்டக்கூட இல்லை.

கொஞ்ச நாளில் தெருக்குட்டி ஒன்று வாசலில் வந்து ஒண்டியது. மணிக்கு இருந்த மாதிரியே நெற்றியில் வெள்ளைச் சுட்டி. "மணி" என்றேன், வாலை ஆட்டியது. எந்தக் குட்டியை எப்படிக் கூப்பிட்டாலும் வாலை ஆட்டும் என்பது அப்போது உறைக்கவில்லை. "இது பொட்டைங்க" என்று மனைவி சொன்னதும் உறைக்கவில்லை. மணிக்கு டீயில் நனைத்த பொறை என்றால் உயிர். இதற்கும் அதையே நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டால், "மறந்துட்டான் போல" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அப்புறம் விவிலியத்தில் சந்து தேட ஆரம்பித்தேன். எலியா ஏற்கெனவே வந்துவிட்டார் என்று மத்தேயு 17இல் இயேசு சொல்வது திருமுழுக்கு யோவானைத்தானே? ஆனால் யோவானையே நேரில் கேட்டபோது, தான் எலியா இல்லை என்று மறுத்த இடம் யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. எனக்கு நன்றாகவே தெரியும். பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அடுத்து ஓரிஜன். 3ஆம் நூற்றாண்டு அறிஞர். உடலுக்கு முன்பே ஆன்மாக்கள் இருந்தன என்று கருதியவர். அதனால் மறுபிறப்புக்காரர்கள் அவரைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள். அவரோ மத்தேயு நற்செய்திக்கு எழுதிய விளக்கவுரையில், இதே எலியா விஷயத்தில், ஆன்மா உடல் மாறும் என்ற கொள்கை திருச்சபைக்கு அந்நியமானது என்று கையை விரித்துவிட்டார்.

மற்றவர்களும் உதவவில்லை. விலங்கின் உயிர் உடலோடு முடிந்துவிடும் என்றார் தாமஸ் அக்குவினாஸ். உரோமையர் 8ஐ வைத்து, விலங்குகளுக்கும் விடுதலை உண்டு என்று மறையுரை எழுதினார் ஜான் வெஸ்லி. வளர்ப்புப் பிராணி தன்னை வளர்த்தவர் வழியாக நிலைவாழ்வு பெறக்கூடும் என்று 1940இல் ஊகித்தார் சி.எஸ். லூயிஸ். நிலைவாழ்வில் எல்லாப் படைப்புகளுக்கும் இடமுண்டு என்று 2015இல் சுற்றுமடல் எழுதினார் திருத்தந்தை பிரான்சிஸ். நாய் விண்ணகம் போகுமா என்பதில் இவர்கள் ஒத்துப்போக மாட்டார்கள். செத்த நாய் இன்னொரு நாயாகத் திரும்பும் என்று இவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அலுவலகத்து நண்பர் ஒருவரிடம் மட்டும் உளறிவிட்டேன். அவர் இந்து. "எங்க கணக்குப்படியும் தப்புய்யா இது. நாயாப் பொறந்தது மறுபடியும் உன் வீட்டுக்கே நாயா வரணும்னு அதுக்கு என்ன தலையெழுத்து?" என்றார்.

ஆக, நான் நம்பியது என் மதத்திலும் இல்லை, நண்பரின் கணக்கிலும் இல்லை. மணி திரும்பி வந்துவிட்டால் நான் அவனைச் சாகவிட்டது கணக்கில் வராது. அவ்வளவுதான் என் வேதாந்தம்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுதான் வாயைத் திறந்தேன். ஃபாதர் மறுபிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "குட்டிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டாச்சா?" என்று கேட்டார்.

போடவில்லை. மேசை இழுப்பறையில் மணியின் தடுப்பூசி அட்டை கிடந்தது. அது கண்ணில் படும்போதெல்லாம், மணிக்குத்தான் போட்டாயிற்றே என்று மனசு சும்மா இருந்துவிட்டது. சொன்னால் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் நடந்தது அதுதான். ஒரு நாயை அசட்டையால் சாகவிட்டேன். அதே அசட்டையைப் பாசம் என்ற பெயரில் அடுத்த நாய்க்கும் காட்டிக்கொண்டிருந்தேன்.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில், மறுபிறப்பு இல்லை என்பது 1013ஆம் எண். வகுப்பில் தவறாமல் வாசிக்க வைப்பேன். விலங்குகளைத் தேவையின்றித் துன்பப்படவோ சாகவோ வைப்பது மனித மாண்புக்கு ஒவ்வாது என்பது 2418. அதை ஒருநாளும் வாசிக்க வைத்ததில்லை. சந்தையில் இரண்டு காசுக்கு விலைபோகும் ஐந்து குருவிகளில் ஒன்றைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்று லூக்கா 12ஆம் அதிகாரம் சொல்வதையும் அழகான வசனம் என்று மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தேன். கடவுள் மறக்காத மணிக்கு இன்னொரு நாயின் உடம்பு தேவையில்லை. அந்த இன்னொரு நாயும் மணியாக வேண்டியதில்லை.

இப்போது அவள் பெயர் ரோசி. பொறையைத் தொடமாட்டாள், கருவாட்டுத் தலைக்குக் காத்துக் கிடப்பாள். ஊசி போட்டாயிற்று.

உங்கள் வீட்டிலும் ஒரு நாய் போன இடத்துக்கு இன்னொன்று வந்திருந்தால், அதற்கென்று ஒரு பெயர் வையுங்கள். மூன்றாம் மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி போடுங்கள், பிறகு வருடா வருடம் போடுங்கள். அட்டையும் புதிதாகக் கேட்டு வாங்குங்கள்.