நீளக் காற்சட்டைக்காரர்

தாமஸ் என்கோனோவை முதலில் பார்த்தது 1990 உலகக் கிண்ணத் தொடக்க ஆட்டத்தில். இங்கே நள்ளிரவு. அர்ஜெண்டினாவுக்கு எதிராக கேமரூன். நீளக் காற்சட்டை போட்ட அந்த கோல் கீப்பரைப் பார்த்து, “இந்தாளு என்னடா, தூங்கப் போறாரா?” என்றார் அப்பா. கேமரூன் 1-0 என்று ஜெயித்தது. பெல் ஆடுவதாக இருந்து, கடைசி நேரத்தில்தான் இவரை இறக்கினார்களாம். அதெல்லாம் பிற்பாடு படித்தது.

என்னைத் தொந்தரவு செய்வது 1982தான். ஸ்பெயினில் மூன்று ஆட்டம், மூன்றும் சமநிலை. அவர் விட்டது ஒரே ஒரு கோல். இத்தாலியின் கிராசியானி தலையால் முட்டியபோது இவருக்குக் கால் வழுக்கிவிட்டது. அடுத்த நிமிடமே கேமரூன் சமன் செய்தது. ஆனாலும் இத்தாலி மொத்தம் அடித்தது இரண்டு, கேமரூன் ஒன்று. அந்தக் கணக்கில் முன்னேறிய இத்தாலி கிண்ணத்தையே வாங்கிப்போனது. இவர்கள் தோற்காமலே ஊர் திரும்பினார்கள்.

பள்ளிக் குழுவில் நானும் கீப்பர்தான். இறுதியாட்டத்தில் வழுக்கி விழுந்து கோல் விட்டேன். பிறகு கையுறையைத் தொடவே இல்லை. இவரோ எட்டு வருடம் கழித்து அதே இத்தாலியில் போய் நின்றார். அதைப் பார்த்த 12 வயது புஃபோன் கீப்பராகி, பின்னாளில் மகனுக்கு லூயிஸ் தாமஸ் என்று பெயரிட்டார்.

இதை அப்பாவிடம் சொன்னேன்.

“யாரு, அந்தத் தூங்கப் போறவரா?” என்றார்.