அரிய நோயும் அக்காவின் கணக்கும்

‘சார்கோமா’ என்ற சொல்லின் மூலம் கிரேக்கம். அம்மொழியில் ‘சார்க்ஸ்’ என்றால் சதை. தசை, கொழுப்பு, நரம்பு, இரத்தக்குழாய் முதலிய மென்திசுக்களில் தோன்றும் புற்றுக்கு இட்ட பெயர் இது. 2021ஆம் ஆண்டு வரை அச்சொல் எங்கள் வீட்டிற்குள் நுழைந்ததில்லை. உடன்பிறந்தோர் நால்வரில் மூத்தவரான அக்காவின் வலது தொடையில் எழுந்த ஒரு கட்டியின் வழியாக அது வந்து சேர்ந்தது. அன்று முதல் நாங்கள் மூவரும் அந்நோயின் பக்கத்திலேயே வாழ்ந்து வருகிறோம்.

அக்கட்டியில் வலி இல்லை. வலிக்காத கட்டியால் ஆபத்தில்லை என்பது ஊர் நம்பிக்கை. சிறிய மருத்துவமனை ஒன்றில் அதைக் கொழுப்புக் கட்டி என்று கருதி, எம்.ஆர்.ஐ. எடுக்காமலே அகற்றினார்கள். பத்து நாள் கழித்து வந்த திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘சைனோவியல் சார்கோமா’ என்றிருந்தது. முன்திட்டமின்றி அகற்றும்போது புற்றணுக்கள் சுற்றியுள்ள சதையில் தங்கிவிடக்கூடும். ஆகவே சுற்றிலும் நல்ல சதையையும் சேர்த்து அகலமாக வெட்டி எடுக்க, இரண்டாம் முறை அறுவை செய்ய நேர்ந்தது.

காலையே எடுத்துவிடுவார்களோ என்று வீட்டில் எல்லோரும் அஞ்சினோம். ஒரு காலத்தில் அதுவே வழக்கமாக இருந்திருக்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 43 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வொன்று 1982இல் வெளிவந்தது. உறுப்பைக் காத்து அறுவை செய்து கதிர்வீச்சு அளித்தவர்களுக்கும், உறுப்பை நீக்கியவர்களுக்கும் உயிர்பிழைப்பில் வேறுபாடு இல்லை என்று அது காட்டியது. அக்கா இன்று இரு கால்களில் நடப்பதற்கு, முகமறியாத அந்த 43 பேருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

பிறகு கீமோதெரபி. டாக்ஸோரூபிசின் என்னும் மருந்து செந்நிறமானது. இத்தாலியில் கஸ்தெல் தெல் மோந்தே கோட்டையின் அருகே எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரின் வழிவந்தது. அட்ரியாட்டிக் கடலை நினைவுகூர்ந்து அதற்கு அட்ரியாமைசின் என்றும் பெயரிட்டார்கள். இதயத்தைப் பாதிக்கும் என்பதால் ஒருவருக்கு வாழ்நாளில் இவ்வளவுதான் என்று அதற்கு எல்லை உண்டு. “மண்ணில் விளைந்ததுதானே, பத்தியம் இருக்கத்தான் செய்யும்” என்றார் அக்கா.

ஆயினும் மருந்தைக் காட்டிலும் எங்களை வாட்டியது தனிமை. பெரியவர்களுக்கு வரும் புற்றுகளில் மென்திசுச் சார்கோமா நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேதான் வருகிறது. அதற்குள்ளும் 50க்கு மேற்பட்ட வகைகள். வாய்ப்புற்று, மார்பகப் புற்று என்றால், “இன்னாரைப் போய்ப் பாருங்கள், அவர் மீண்டு வந்தவர்” என்று சொல்ல யாரேனும் இருப்பார்கள். எங்களுக்கு அப்படிக் காட்ட ஒருவரும் இல்லை. முன்சென்றவரின் கதை இல்லாத இடத்தை எண்கள் வந்து நிரப்பிக்கொண்டன. இத்தனை சதவீதம், இத்தனை மாதம் என்று இரவெல்லாம் படித்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் ஸ்டீபன் ஜே கூல்டைப் பற்றி அக்காவிடம் சொன்னோம். பரிணாமவியல் அறிஞரான அவருக்கு 1982இல், 40 வயதில், மீசோதீலியோமா என்ற வேறோர் அரிய புற்று வயிற்றில் கண்டறியப்பட்டது. அந்நோய்க்கு நூல்கள் அன்று கூறிய இடைநிலை ஆயுள் 8 மாதம். இடைநிலை அளவு என்பது தீர்ப்பன்று என்று அவர் 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். 2002இல் வேறொரு புற்றினால் மறையும் வரை, மேலும் இருபதாண்டுகள் வாழ்ந்தார்.

அக்கா கணித ஆசிரியை. இடைநிலை அளவை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வந்தவர். “பாதிப் பேர் எட்டு மாதத்திற்குள் என்றால் மீதிப் பாதி எங்கே? அந்தப் பக்கத்திற்கு எல்லைக்கோடே கிடையாதே!” என்றார். அவர் அதை ஆறுதலாகச் சொல்லவில்லை, கணக்காகவே சொன்னார். அதனால்தான் எங்களுக்கு அது ஆறுதலாயிற்று.

இந்நோய் பரவினால் பெரும்பாலும் முதலில் நாடுவது நுரையீரலை. 2023இல் அக்காவுக்கும் அங்கே இரு சிறு முடிச்சுகள் தென்பட்டன, அவற்றையும் அகற்றினார்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை சி.டி. ஸ்கேன் தொடர்கிறது. அக்கா அதைத் தம் காலாண்டுத் தேர்வு என்பார். வினாத்தாள் மட்டும் தம் கையில் இல்லையாம். ஸ்கேனுக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட இரண்டு நாளில் வீட்டில் ஒருவரும் உரக்கப் பேசுவதில்லை. முடிவு நல்லதாக வந்தால் அடுத்த மூன்று மாதம் எங்களுடையது. அதற்கப்பால் திட்டமிடுவதை விட்டுவிட்டோம். அதனால் வாழ்க்கை சுருங்கிப்போனதாகவும் தோன்றவில்லை.

உடலில் ஒரு கட்டி வளர்ந்துகொண்டே வந்தாலோ, 5 செ.மீ.க்கு மேல் பெருத்திருந்தாலோ, ஆழத்தில் இருந்தாலோ, வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். கத்தி வைக்குமுன் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே இப்பெயரைக் கேட்டுவிட்டவர்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது வேறு: உங்களுக்கு முன்னால் ஒருவர் இருக்கிறார். இந்த வாரமும் பத்தாம் வகுப்பிற்கு, சற்றே காலைத் தாங்கித் தாங்கி, பாடம் நடத்தப் போய்க்கொண்டிருக்கிறார்.