காற்று புகுந்த பாலாடைக்கட்டி

இங்கிலாந்தின் நீலப் பாலாடைக்கட்டிகளுள் தலையாயது ஸ்டில்டன். ஆனால் அதற்குப் பெயர் தந்த ஸ்டில்டன் என்னும் ஊரிலேயே அதைச் செய்து அந்தப் பெயரால் விற்கச் சட்டம் இடம் தருவதில்லை. லண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில், இன்றைய கேம்பிரிட்ஜ்ஷயரில் அமைந்த அவ்வூர், பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனையும் ஸ்காட்லாந்தையும் இணைத்த வடக்குப் பெருஞ்சாலையில் குதிரை வண்டிகள் நின்று செல்லும் தங்கலாக விளங்கியது. அங்கிருந்த பெல் என்னும் விடுதியின் உரிமையாளர் கூப்பர் தார்ன்ஹில், லெஸ்டர்ஷயர் பண்ணைகளிலிருந்து பாலாடைக்கட்டிகளைத் தருவித்து வழிப்போக்கருக்கு விற்றார்; விளைந்த இடத்தின் பெயரை விட்டு விற்ற இடத்தின் பெயரே பண்டத்துக்கு நிலைத்தது. 'ராபின்சன் குரூசோ' எழுதிய டேனியல் டீஃபோ 1720களில் வெளியிட்ட தம் பயண நூலில், இவ்வூர் பாலாடைக்கட்டிக்குப் பேர்போனது என்றும், மேசைக்கு வரும் கட்டியில் மொய்க்கும் நுண்ணுண்ணிகளையும் சேர்த்துண்ணக் கரண்டி ஒன்றும் கூடவே வரும் என்றும் பதிவு செய்திருக்கிறார்.

1996இல் ஐரோப்பிய ஒன்றியம் வழங்கிய பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர், அதாவது ஒரு பண்டத்தின் பெயரை அது விளையும் நிலப்பகுதியோடு பிணைக்கும் சட்ட ஏற்பாடு, ஸ்டில்டனை டார்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் ஆகிய மூன்று கவுண்டிகளுக்கு மட்டும் உரியதாக்கியது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னரும் அந்தப் பாதுகாப்பு பிரிட்டனின் சொந்தப் பதிவேட்டில் தொடர்கிறது. உருளை வடிவம், அழுத்தாமல் தானே இறுகிய உடல், தானே உருவான மேல்தோடு, நடுவிலிருந்து வெளிநோக்கிப் படரும் நீல நரம்புகள் ஆகியவற்றை விதிகள் வரையறுக்கின்றன. பால் பாஸ்டரைஸ் செய்யப்பட்டதாக, அதாவது நோய்க்கிருமிகள் அழியும் அளவுக்குச் சூடேற்றி ஆற்றப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. இக்கடைசி விதியே இன்றுவரை வாதத்துக்குரியதாக இருக்கிறது. சூடேற்றாத பச்சைப் பாலில் மரபான முறைப்படி அதே கட்டியைச் செய்ய விரும்பிய ஜோ ஷ்னைடர், லண்டனின் நீல்ஸ் யார்டு டெய்ரி என்னும் பாலாடைக்கட்டிக் கடையைச் சேர்ந்த ராண்டால்ஃப் ஹாட்ஜ்சனுடன் இணைந்து, நாட்டிங்ஹாம்ஷயரின் வெல்பெக் பண்ணைத் தோட்டத்தில் 2006இல் அதைத் தொடங்கினார். உரிய கவுண்டிக்குள்ளேயே செய்தும் ஸ்டில்டன் என்ற பெயரை இட முடியாமல், அவர்கள் அதை ஸ்டிச்செல்டன் என்று விற்கிறார்கள். போலிகளைத் தடுக்கப் பிறந்த சட்டம், தலைமுறைகளாகப் பச்சைப் பாலில் செய்யப்பட்டுவந்த ஒரு பண்டத்தின் மூத்த வடிவத்தையே பெயருக்கு வெளியே நிறுத்தியிருப்பது பெருங்குறை என்பதில் ஐயமில்லை.

இக்கட்டியின் இயல்பை அறிய, பீவர் என்று உச்சரிக்கப்படும் பெல்வார் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள பால்பண்ணைகளில் நடக்கும் வேலையைப் பார்க்க வேண்டும். 1911இல் பன்னிரண்டு விவசாயிகள் கூடி அமைத்த லாங் கிளாசன், 1913இல் கூட்டுறவாகத் தொடங்கிய கோல்ஸ்டன் பாசெட், அதற்கு அருகிலுள்ள கிராப்வெல் பிஷப் ஆகியவை அப்பகுதியின் புகழ்பெற்ற நிலையங்கள். காலையில் வந்த பாலோடு, புளிப்பூட்டும் நுண்ணுயிரிகளும், பாலைத் திரளச் செய்யும் நொதியான ரென்னெட்டும், பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்னும் பூஞ்சையின் வித்துகளும் சேர்க்கப்படுகின்றன. பூஞ்சை பிற்பாடு தற்செயலாகப் பற்றுவதன்று, முதல் மணி நேரத்திலேயே மனிதர் கையால் இடப்படுவது. இறுகிய திரட்டை வெட்டித் தெளிநீர் வடிய இரவு முழுதும் விட்டு, மறுநாள் அதைச் சிறு துண்டுகளாக்கி உப்புக் கலந்து, அடியும் மேலும் திறந்த உருளை அச்சுகளில் நிரப்புகிறார்கள். ஏறத்தாழ 8 கிலோ எடையுள்ள ஒரு முழுக் கட்டிக்கு 70 லிட்டருக்கும் மேற்பட்ட பால் செலவாகிறது.

செட்டர் போன்ற கட்டிகளைப் பாரம் வைத்து அழுத்தி நீரைப் பிழிவது வழக்கம்; ஸ்டில்டனுக்கு அந்த அழுத்தம் கிடையாது. ஐந்தாறு நாள் அச்சுகளை நாள்தோறும் தலைகீழாகத் திருப்ப, தன் எடையாலேயே நீர் வடிந்து, துண்டுகளுக்கிடையே நுண்ணிய இடைவெளிகள் எஞ்சுகின்றன. அச்சை நீக்கியதும், தொழிலாளி மழுங்கிய கத்தியொன்றால் கட்டியின் பக்கவாட்டை மேலிருந்து கீழாகப் பூசி மெழுகுவார். மேற்பரப்பில் தெரியும் பிளவுகளும் குழிகளும் அந்தத் தேய்ப்பில் மூடிக்கொள்ள, உள்ளே காற்று புகாமல் அடைபடும். பூஞ்சை வளரக் காற்று வேண்டும் என்பதால், வித்துகள் உள்ளே உறங்கியபடியே இருக்க, ஐந்தாறு வாரங்களில் வெளியே பழுப்பு நிறத் தோடு உருவாகிறது. அதன் பிறகே துருப்பிடிக்காத எஃகு ஊசிகளால் கட்டி துளைக்கப்படுகிறது. ஊசி போன வழியே காற்று நுழைய, ஊசித் தடத்திலும் துண்டுகளுக்கிடையிலான இடைவெளிகளிலும் பூஞ்சை விழித்தெழுந்து, நீலமும் பச்சையும் கலந்த நரம்புகளாகப் படர்கிறது. உள்ளே எத்தனை இடைவெளி, எப்போது காற்று என்ற இரண்டு முடிவுகளில்தான் செய்பவரின் திறமை முழுதும் இருக்கிறது.

ஒன்பது வாரங்கள் கடந்ததும் தரம் பார்ப்பவர், குழாயைப் பாதியாகப் பிளந்தது போன்ற ஓர் இரும்புக் கருவியைக் கட்டிக்குள் செலுத்தித் திருகி, நீண்ட மாதிரியை வெளியே எடுத்து, நரம்பின் பரவலைக் கண்ணாலும் முதிர்ச்சியை மூக்காலும் சோதித்து, மாதிரியின் நுனியைத் துளையிலேயே திரும்ப அடைத்துவிடுவார். இளங்கட்டி உதிர்வதாகவும் சற்றே புளிப்பாகவும் இருக்கும். மேலும் சில வாரங்கள் முதிர்ந்தது வெண்ணெய் போல் இளகி, இனிப்பும் காரமும் கலந்த ஆழமான சுவை பெறும். முதிர்ந்ததே மேல்.

அந்த மணத்துக்குக் காரணம் கெட்டுப்போதல் அன்று. பூஞ்சை சுரக்கும் நொதிகள் பால் கொழுப்பைக் கொழுப்பு அமிலங்களாக உடைக்க, அவ்வமிலங்கள் மெத்தில் கீட்டோன்கள் எனப்படும் எளிதில் ஆவியாகும் சேர்மங்களாக மாறுகின்றன. நீலக் கட்டிக்கே உரிய காரமான வாசனை அவற்றால் வருவது. புரதமும் அதே வேளையில் சிதைவதால் கட்டி இளகுகிறது. வெளியூரார் மூக்கைப் பொத்தும் கருவாட்டு மணத்தில் பசி எழுவதை அறிந்த தமிழர், இந்த வாசனையை முதல் முகர்விலேயே ஒதுக்குவது நியாயமாகாது. ஆனால் அம்மோனியா நெடி மூக்கைத் தாக்கினாலோ, உடல் பழுப்பேறி நீர் கோத்திருந்தாலோ, கட்டி தன் காலத்தைக் கடந்துவிட்டது என்று பொருள்.

மேசையில் ஸ்டில்டனுக்குச் செய்ய வேண்டிய முதல் மரியாதை, உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அதைக் குளிர்ப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவைப்பது. குளிரில் கொழுப்பு இறுகி மணம் அடங்கிக் கிடப்பதால், உப்பு மட்டுமே நாவில் படும். கிறிஸ்துமஸ் காலத்தில் போர்ட் என்னும் இனிப்பான போர்ச்சுக்கீசிய ஒயினோடு இதை உண்பது ஆங்கிலேயரின் நெடுநாள் வழக்கம். மது அருந்தாதோர்க்குப் பழுத்த பேரிக்காயும் அக்ரூட் பருப்பும், அல்லது சில துளித் தேனும் அதே பொருத்தத்தைத் தரும், ஏனெனில் இனிப்பும் உப்பும் ஒன்றையொன்று தூக்கிவிடுவதே அந்த இணையின் அடிப்படை. முழுக் கட்டியின் நடுவைக் கரண்டியால் தோண்டி, பள்ளத்தில் போர்ட் ஊற்றிவைக்கும் பழைய வழக்கம் இரண்டையும் கெடுப்பதாகும். ஓரமும் நடுவும் வெவ்வேறு சுவையுள்ளவை ஆகையால், நடுவிலிருந்து தோடு வரை ஆப்பு வடிவில் வெட்டுவதே முறை.

சமையலில் இதற்கு ஒரே ஒரு பெரும் விதி உண்டு: அடுப்பை அணைத்த பிறகே ஸ்டில்டன் பாத்திரத்துக்குள் போக வேண்டும். கொதிநிலையில் புரதம் திரண்டு, கொழுப்பு எண்ணெயாகப் பிரிந்து, ஆவியாகும் மணம் முழுதும் சமையலறைக் காற்றில் போய்விடும். இவ்விதியின் நேர்த்தியான விளக்கம் ஆங்கிலேய வீடுகளில் குளிர்காலத்தில் செய்யப்படும் ப்ரோக்கோலி ஸ்டில்டன் சூப். நால்வருக்கு, வெண்ணெயில் ஒரு வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, ஓர் உருளைக்கிழங்கையும், பலர் எறிந்துவிடும் ப்ரோக்கோலித் தண்டையும் நறுக்கிச் சேர்த்து, காய்கறி வேகவைத்த நீர் ஊற்றி மென்மையாகும் வரை வேகவைக்க வேண்டும். பூக்களைக் கடைசி நான்கைந்து நிமிடங்களுக்கே சேர்த்தால் பச்சை நிறம் மங்காது. பிறகு மையாக அரைத்து, அடுப்பை அணைத்து, 100 கிராம் ஸ்டில்டனை உதிர்த்துக் கலக்கினால், அது கரைந்து சூப்பை வழுவழுப்பாக்கும். கட்டியின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு உப்பே என்பதால், கட்டி கரைந்து சுவை பார்க்கும் வரை உப்புப் போடக் கூடாது. மிளகு தாராளமாக இடலாம்.

ப்ரோக்கோலிக்குப் பதிலாகச் செலரித் தண்டு சேர்ப்பதும் மரபே; சற்றே கசப்புள்ள காய்கள் ஸ்டில்டனின் கொழுப்பை நன்கு தாங்குகின்றன. விருந்துக்குப் பின் மிஞ்சும் உதிரித் துண்டுகளை வெண்ணெயோடு பிசைந்து, சாதிபத்திரித் தூள் சிறிது கலந்து, சிறு சாடியில் அடைத்து, உருக்கிய வெண்ணெயால் மூடிவைக்கும் முறை, வீணாக்காத அந்நாட்டு இல்லத்தரசிகளின் அறிவுக்குச் சான்று. சமையலுக்கென்றால் மிச்சத்தை உறைய வைக்கவும் செய்யலாம். பச்சையாக உண்ணும் துண்டை மட்டும் மெழுகுத்தாளில் சுற்றித் தனி டப்பாவில் வைக்க வேண்டும்.

சைவ உணவினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலைத் திரளச் செய்யும் ரென்னெட் மரபாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. ஆனால் ஸ்டில்டன் செய்வோர் பலர் இன்று சைவ ரென்னெட்டைப் பயன்படுத்துகிறார்கள் என்பதால், உறையில் சைவக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.

பிரிட்டனில் வாழும் தமிழர்கள் இதை உறையிட்ட கடைத்துண்டாக வாங்கி ஒருமுறை முகர்ந்து கைவிடாமல், பாலாடைக்கட்டிக் கடைக்கே சென்று, முழுக் கட்டியிலிருந்து வெட்டிய முதிர்ந்த துண்டாக 100 கிராம் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் சுவைத்துப் பார்க்கவும் தருவார்கள். அதில் பாதியை ஒரு மணி நேரம் வெளியில் வைத்துப் பேரிக்காயோடு உண்டு பார்த்த பிறகு, மீதியை இருவருக்கான சூப்பில் இடுக.