பாரிஸில் ஒரு பந்தி

பாரிஸ் நகரில் போபூர் மோன்மார்த்ர் வீதியில் "பூய்யோன் ஷார்த்தியே" என்றொரு போஜனசாலை உண்டு. தொழிலாளிகளுக்குக் குறைந்த விலையில் வயிறார உணவளிப்பதற்கென்று 1896-ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டது. "பூய்யோன்" என்றால் மாமிச ரசமாம்! இதைக் கேட்டதும் சைவர்களாகிய நமக்குப் பாதிப் பசி பறந்தது. மீதிப் பசிதான் நம்மை உள்ளே தள்ளிற்று.

அங்கே முன்பின் அறியாதவர்களையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பது வழக்கம். வெள்ளை முன்துணி கட்டிய பரிசாரகர் காட்டிய மேஜையில் ஏற்கனவே ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரல்களில் சுண்ணாம்புக் கறை, கொத்தனார் போலும். நாம் தயங்கி நின்றோம். நம் கண்கள் காலி மேஜையைத் தேடின. அவரோ புன்னகையுடன் ரொட்டிக் கூடையை நம் பக்கம் நகர்த்தினார்.

துருவிய காரட்டும், வேகவைத்த உருளைக்கிழங்கும், கேளாமலே வந்த ரொட்டியும் அமிர்தமாயிருந்தன. மேஜைமேல் விரித்த காகிதத்திலேயே பரிசாரகர் கணக்கெழுதிக் கூட்டினார். சுவரிலே எண்ணிட்ட சிறு இழுப்பறைகள். அந்நாளில் வாடிக்கைக்காரர்கள் தங்கள் கைத்துணியை அவற்றில் வைத்துச் செல்வார்களாம்.

சாப்பாட்டில் ஒரு குறையுமில்லை. குறை நம் தயக்கத்தில்தான். ரயில் நிலையங்களில்கூட ஒரு காலத்தில் சாதி பார்த்துத் தனித்தனியே இலை போட்ட நாடல்லவா நம்முடையது! 1947-இல் சுதந்திரம் வந்துவிட்டது. பழைய பந்தியோ நம் மனத்தை விட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை.

விடைபெறுகையில், அந்தச் சுண்ணாம்புக் கையை நாமே முந்திப் பற்றிக் குலுக்கினோம்.