ஆஸ்பிரினும் கட்டைவிரல் வீக்கமும்

ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அப்பா தினமும் 75 மி.கி. ஆஸ்பிரின் போடுகிறார். போன மாதம் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடித்துப்போனார். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறியதுதான் காரணம். "அந்த மாத்திரையை முதல்ல நிறுத்துப்பா" என்றார் பக்கத்து வீட்டு மாமா. எங்கள் கொருக்குப்பேட்டையில் இப்படிச் சொல்பவர்கள் நிறைய. தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஆஸ்பிரின் குறைந்த அளவில், சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதைத் தடுக்கும். நாளுக்கு 3 கிராமைத் தாண்டினால் அதுவே அமிலத்தை வெளியே தள்ளும். இதய நோயாளிகள் போடுவதோ குறைந்த அளவுதான். கூடவே நீர் பிரியும் மாத்திரையும் முதுமையும் சேர்ந்தால் அமிலம் இன்னும் ஏறும். ஆனால் ஆஸ்பிரினை நிறுத்தி, ஸ்டென்டில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. மாரடைப்போடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு அங்கேயே ஆஸ்பிரின் உள்ளிட்ட மாத்திரைகளைக் கொடுக்க 2023-ல் தமிழ்நாட்டில் 'இதயம் காப்போம்' திட்டமே கொண்டுவந்தார்கள்.

டாக்டர் ஆஸ்பிரினில் கை வைக்கவில்லை. அப்பா போட்டுவந்த நீர் மாத்திரையை மாற்றி, பிரஷருக்கு லோசார்டான் எழுதினார். அது யூரிக் அமிலத்தையும் கொஞ்சம் குறைக்கும். யூரிக் அமிலத்தை ஏற்றும் என்பதால் காசிமேட்டு நெத்திலியும் மத்தியும் இப்போது எப்போதாவதுதான். அப்பாவுக்கு அதில் வருத்தம், பாவம்.

வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் மட்டும் வாங்கிப் போடாதீர்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது கெடுதல். அடுத்த செக்கப்பில் கிரியேட்டினினோடு யூரிக் அமிலமும் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.