புகையோடு போனது

வெண்கலப் பானைக்கு உள்ள மரியாதை அலுமினியக் குண்டானுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. கல்யாணச் சீரில் அதைப் பெருமையாக வைப்பவர் யார்? ஆனாலும் எத்தனையோ வீடுகளில் தினமும் சோறு பொங்குவது அதில்தான். உழைப்பது ஒருவர், பெயர் எடுப்பது ஒருவர் என்ற நியாயம் பாத்திரங்களின் உலகத்திலும் உண்டு போலும்!

ஒருமுறை திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பாசஞ்சர் ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். எதிர்ப் பலகையில் ஓர் அம்மாள். மடியில் புத்தம்புதுக் குண்டான். பக்கத்தில் ஒரு பெரியவர். மேட்டூரில் அலுமினிய ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்.

"ஐயா, இதுல கெந்தகம் கலந்திருக்குன்னு ஒருத்தர் சொல்றாரே, நெசந்தானா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"இல்லேம்மா. கந்தகம் பாத்திரத்துக்கு வராது. புகையோட போயிடும்."

"போயி?"

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. மயிலம் தாண்டிய பிறகுதான் நிதானமாக விளக்க ஆரம்பித்தார்.

மேட்டூரில் 1965 முதல் 2008 வரை அலுமினியம் உருக்கினார்கள். சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்ஸைட்டிலிருந்து முதலில் அலுமினா என்ற வெள்ளைப் பொடியைப் பிரிப்பார்கள். கிரையோலைட் குழம்பில் அதைக் கரைத்து, சுமார் 960 டிகிரிச் சூட்டில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். அமெரிக்காவின் ஹாலும் பிரான்ஸின் எரூவும் 1886-இல் தனித்தனியே கண்ட வழி அது. இன்றும் உலகமெங்கும் அதே வழிதான்.

மின்சாரம் இறங்குவது கரிக்கட்டை வழியாக. எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கடைசியாக மிஞ்சும் கோக்கைக் கொண்டு அந்தக் கரியைச் செய்கிறார்கள். கச்சா எண்ணெயின் கந்தகம் அதில் தங்கியிருக்கும். கோக்கிலுள்ள நிக்கலும் வனேடியமும் உலோகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கந்தகமோ பெரும்பாலும் வாயுவாகக் கிளம்பி, கந்தக டையாக்ஸைடாக எரிந்து வெளியேறும். ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் 400 கிலோ கரி தேய்கிறது. அதில் நூற்றுக்கு மூன்று பங்கு கந்தகம் என்றால் 12 கிலோ. காற்றோடு சேர்ந்ததும் அதுவே 24 கிலோ நச்சுவாயு!

"கோக்கை முன்னாலேயே நன்றாகக் காய்ச்சிக் கந்தகத்தை விரட்டிவிட்டால் என்ன?" என்று நான் கேட்டேன்.

"விரட்டலாம். ஆனா, அது கரியைத் துளைச்சுக்கிட்டுத்தான் ஓடும். பொத்தலான கரி சீக்கிரம் தேஞ்சுபோகும்" என்றார் பெரியவர்.

புளோரைடு வாயுவைப் பிடிக்க அலுமினாப் பொடியே போதும். கந்தக வாயு அந்த வலையில் நிற்பதில்லை. காரநீராலோ கடல்நீராலோ அதைக் கழுவ வேண்டும். கழுவச் செலவாகும். செலவுக்கு அஞ்சியவர்கள் புகைபோக்கியை உயர்த்திக் கட்டுகிறார்கள். உயரம் புகையைப் பரப்புமே தவிர ஒழிக்காது.

கடையில் நாம் பாத்திரத்தைத் தட்டிப் பார்க்கிறோம், நிறுத்துப் பார்க்கிறோம், பளபளப்பைக் கண்டு திருப்தி அடைகிறோம். பாத்திரம் சுத்தமானதுதான். ஆனால், அதை விட்டுப் போன அழுக்கு எந்த ஊரின் மூச்சிலோ, எவர் வயலின் மழையிலோ கலந்திருக்கிறது. அந்தக் கணக்கை எந்த ரசீதிலும் எழுதுவதில்லை. எழுதாத கணக்கு என்பதால் அதை யாரும் செலுத்தவில்லை என்று அர்த்தமா?